மணிக்குற்றமும் மணிப்போலியும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டு நகர்காணச் சென்ற கோவலன் மதுரையின் வீதிகள் பலவற்றைக் காண்கின்றான். அவற்றுள் மணி விற்கும் வீதியைக் கூறும் பகுதி பயில்வோரால் பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுவது. வயிரத்தின் குற்றம் இவை, மரகதத்தின் குற்றம் இவை, மாணிக்கத்தின் சாதி இவை என அடுக்கிச் செல்லும் அவ்வடிகளை மாணவர் சொற்பட்டியலாக மனப்பாடம் செய்வர். ஆசிரியரும் வடமொழி இரத்தின நூல்களின் வழிவந்த வருணனை என்று ஒரு தொடரில் முடித்து மேலே செல்வர். யாமும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்து வந்தோம் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

அப்பகுதியை மீண்டும் கருதத் தூண்டியது நூலன்று, ஒரு தோடு. எம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மாணிக்கத் தோடு என வழங்கிவந்த ஏழுகல் தோட்டினைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது, முதிய கல்வினைஞர் ஒருவர் அரக்கை இளக்கி, அடியிலிருந்த தகட்டை எடுத்துவிட்டு, ஒரு தோட்டின் ஏழு கற்களையும் வெள்ளைத்தாளின்மேல் பரப்பினார். ஐந்து கற்களின் உள்ளே மயிரிழை போன்ற கோடுகளும் மங்கலான மேகப்படலமும் தெரிந்தன. இரண்டு கற்கள் மாசு மறுவின்றித் தெளிந்திருந்தன. அவ்விரண்டுமே மிக உயர்ந்தவை என யாம் எண்ணியிருக்க, அவரோ அவற்றையே விரலால் ஒதுக்கி, "குத்தம் இல்லாத கல்லைத்தாங்க முதல்ல சந்தேகப்படணும்" என்றார். உருப்பெருக்காடியில் வைத்துக் காட்டியபோது, அவற்றின் ஆழத்தே ஊசிமுனை அளவான உருண்டைக் குமிழி ஒன்றிரண்டு இருந்தன. அவை கண்ணாடி. எந்தத் தலைமுறையில், எவர் கைக்குப் பழுதுபார்க்கச் சென்றபோது அவை புகுந்தன என்பதை இனி அறிதற்கில்லை. தோட்டின் பொன் எடையை எழுதிவைத்தவர் உண்டு. கற்களின் இயல்பை எழுதிவைத்தவர் எவருமிலர்.

அவ்வினைஞர் கூற்று ஊர்காண் காதையின் மணிப்பகுதியை வேறொரு நோக்கில் காணச் செய்தது. மணியிடத்துக் குற்றம் என்பது வேறு, போலி என்பது வேறு. குற்றம் உண்மை மணியின்கண் உள்ளது. போலி மணியே அன்று. (இலக்கணத்தார் கூறும் போலி பொருள் மாறாது ஒன்றன் இடத்து மற்றொன்று நிற்பது, மணி வாணிகத்துப் போலிக்கு அந்த நேர்மை இல்லை.) இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு, குற்றங்கூறும் நூற்பகுதிகளையெல்லாம் 'போலிமணியை அறியும் முறை' என உரைப்பது நம்மிடையே பெருவழக்காயுள்ளது. அவ்வழக்குப் பொருந்தாது என்பதும், குற்றம் பற்றிய பழைய கணக்கு மதிப்பறிதற்கேயன்றி ஒரு மணியை இன்ன மணிதான் என அடையாளங் காண்டற்கும் பயன்பட்டது என்பதும் ஈண்டு யாம் நிறுவ விழைவன.

இளங்கோவடிகள் கூறுவதை முதற்கண் நோக்குவோம். வயிரத்துக்கு அவர் நீக்கிக் கூறும் குற்றங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன. காகபாதம் காக்கையின் அடிபோல உள்ளே கிளைத்த பிளவு, விந்து புள்ளி, ஏகை கோடு. மரகதத்துக்கு ஏகையும் மாலையும் இருளும் நீங்கவேண்டும் என்பர். முத்திற்குக் காற்று, மண், கல், நீர் என்னும் நான்கனால் வரும் குற்றமும், பவளத்திற்கு உள்துளையும் முடக்கமும் திருகலும் கூறப்படும். இவையனைத்தும் இயற்கையில் தோன்றிய பொருளுக்கே உரியன. கண்ணாடிக்குக் காகபாதம் இல்லை; சாயமூட்டிய பளிங்குக்கு 'மாலை' இல்லை. அப்பகுதி முழுமையும் தேடினும் போலியைப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை. மணிகளின் வகை தெரிந்தோர் நிறைந்த வீதி அது என்றே அடிகள் கூறுகின்றார். வயிரத்தின் ஒளியைக் கூறுமிடத்து நூல்வல்லோர் கூற்றினையும் சுட்டுகின்றார். எனவே எழுதப்பட்ட மணிநூல் உண்டென்பதும், அந்நூலைக் கையாளும் தொழிலோர் வேறாக உண்டென்பதும் அவர்க்குத் தெரிந்த செய்திகளே. அடியார்க்குநல்லாரும் இப்பகுதியில் தம் உரையை விரித்து, மணியின் சாதியும் குணமும் குற்றமும் பகுத்துக் காட்டுவர்.

போலியை அறியும் முறையை அக்கால நூல்கள் அறியாவோ எனின், நன்கு அறியும். ஆனால் அதனை வேறிடத்தில் வைத்துக் கூறும். புத்தபட்டர் இயற்றிய இரத்தின பரீட்சையும், அதனோடு பெரும்பாலும் ஒத்துச் செல்லும் கருட புராணத்து மணியியல் பகுதியும் ஈண்டு நோக்கத்தக்கன. (இவ்வகை நூல்கள் பலவற்றை 1896இல் லூயி பினோ பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார்.) வல்லார் புட்பராகம், கோமேதகம், வைடூரியம், படிகம், பலவகைக் கண்ணாடி ஆகியவற்றால் வயிரப்போலி செய்வர் என்றும், காரத்தாலும் கீறலாலும் சாணையாலும் அவற்றைச் சோதிக்கவேண்டும் என்றும் கருட புராணம் கூறும். முத்தில் ஐயம் தோன்றின், உப்புச் சேர்த்த வெம்மையான நெய்ப்பில் ஓரிரவு இட்டுவைத்தோ, உலர்ந்த துணியிற் சுற்றி நெல்லொடு தேய்த்தோ பார்க்க. நிறம் திரியாதது உண்மை முத்து என்னும். குற்றப்பட்டியலுக்கும் இச்சோதனைகட்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை. குற்றம் கண்ணால் காணப்படுவது. போலி கையால் சோதிக்கப்படுவது. முன்னது விலையைக் குறைக்கும். பின்னது விலையையே இல்லாமற் செய்யும்.

அந்நூல் கூறும் மற்றொரு செய்தி தமிழறிஞர்க்குத் தனியே சுவை பயப்பது. பதுமராகத்தையும் இந்திரநீலத்தையும் வயிரமும் குருவிந்தமும் அன்றி வேறு எப்பொருளாலும் கீற இயலாது என்பது அது. இன்றைய கனிமவியல் இதனை எழுத்துக்கு எழுத்து ஒப்புக்கொள்ளும். 1812இல் பிரீட்ரிக் மோசு வகுத்த கடினவரிசையில் வயிரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, பளிங்கு 7. கண்ணாடி பெரும்பாலும் 5க்கும் 6க்கும் இடைப்பட்டது. குருவிந்தம் மாணிக்கத்தைக் கீறுவது ஏன்? இரண்டும் ஒரே கனிமமாதலின். ஒளியுள்ளதை மணியாகப் பதித்தனர். ஒளியற்றதைப் பொடித்து அரக்கிற் கலந்து சாணையாக்கினர். குருந்தக்கல் என்று நம் தொழிலோர் வழங்கிய இப்பெயரே ஐரோப்பிய மொழிகளிற் 'கொரண்டம்' ஆயிற்று. 1798இல் சார்லசு கிரெவில் ஆசியாவின் குருந்தக்கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை அப்பெயரை அறிவியலுலகில் நிலைபெறச் செய்தது. அதனையடுத்த சில ஆண்டுகளில், மாணிக்கமும் நீலமும் இக்குருந்தமும் அலுமினிய ஆக்சைடு என்னும் ஒரே பொருளின் வேறுபட்ட தோற்றங்களே என ஐரோப்பியர் துணிந்தனர்.

ஊர்காண் காதை மாணிக்கத்தின் சாதிகளாகக் கூறும் நான்கனுள் ஒன்று விந்தம். அது குருவிந்தம் என்பது உரையாற் பெறப்படும். அடிகள் மாணிக்கம், புட்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் ஆகிய ஐந்தனையும் கூறியபின், அவை ஒரே பிறப்பினையும் ஐவேறு அழகினையும் உடையன என்று தொகுக்கின்றார். இதனை ஐந்து மணிகளையும் ஓரினமாக்கும் புலமை மரபு என்றே கொண்டு வந்துள்ளோம். இவ்வைந்தனுள் மாணிக்கம், நீலம், இன்று மஞ்சட் புட்பராகம் என விற்கப்படும் மணி ஆகிய மூன்றும் மெய்யாகவே ஒரு பிறப்பின என்பதை நோக்க, அக்கூற்றின் அடியில் தொழிற்பட்டறிவு ஒன்று கிடத்தல் கூடும் எனத் தோன்றுகின்றது. சாணையில் மூன்றும் ஒருபடித்தாகவே தேயும். கையில் மூன்றும் ஒருபடித்தாகவே கனக்கும். கோமேதகம் அவ்வினத்தது அன்று. பூனைக்கண் வைடூரியமும் அன்று. ஐந்தில் மூன்று பொருந்த, இரண்டு பொருந்தாமை கொண்டு அடிகள் அறிவியலை முன்னரே கண்டார் என ஆர்ப்பரிப்பார்க்கு யாம் துணைநில்லோம். பொருந்திய மூன்றையும் தற்செயல் எனத் தள்ளுவார்க்கும் துணைநில்லோம்.

இனி, சாயமும் போலியும் தமிழகத்தை அடுத்த வாணிகத்தில் எவ்வளவு பழமையானவை என்பதைக் காண்போம். கி.பி. 79இல் இறந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில், இந்தியர் பளிங்குக்கு நிறமூட்டிப் பல மணிகட்குப் போலி செய்யக் கண்டறிந்துள்ளனர், சிறப்பாகப் பெரிலுக்கு என எழுதியுள்ளார். பெரில் என்பது கடல்நீர் நிறமுடைய பச்சைக்கல். காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. உண்மைக்கல் விளையும் நாட்டிலேயே அதன் போலியும் விளைந்தது என்பது வியப்பன்று. உண்மையை நன்கு அறிந்தவனே திறம்படப் போலி செய்வான். நிறமூட்டும் முறைகளைக் கூறும் நூல்கள் உள எனவும், அவற்றின் பெயரைத் தாம் கூறப்போவதில்லை எனவும் பிளினி குறிப்பர். அத்தகைய செய்முறைகள் சில, கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு அளவினதாகிய கிரேக்கத் தாளேடு ஒன்றில் எஞ்சி, இன்று ஸ்டாக்ஹோம் பாபைரசு என வழங்குகின்றன.

பளிங்கு எவ்வாறு சாயம் ஏற்கும் என்பதை அறிந்தால், அதனைக் காணும் வழியும் தானே விளங்கும். பளிங்கு நுண்துளை அற்றது. வெறுமனே ஊறவைத்தால் நிறம் ஏறாது. அதனைக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தால் உள்ளெங்கும் மயிர்க்கால் பிளவுகள் தோன்றும். அப்பிளவுகளின் வழியே சாயம் புகும். ஆகவே சாயமேற்றிய கல்லை உருப்பெருக்காடியிற் கண்டால் நிறம் கல் முழுதும் பரவியிராது, கோடுகோடாகப் பிளவுகளில் தேங்கி நிற்கும். சாராயத்தில் தோய்த்த பஞ்சினால் துடைக்கச் சில சாயங்கள் பஞ்சில் ஒட்டும். அகேட்டுக்கல்லோ இயல்பிலேயே நுண்துளை உடையது. எளிதிற் சாயம் ஏற்கும். செவ்வண்ணக் கார்னீலியனைத் தீயில் வாட்டி நிறம் சிவக்கச் செய்தல் சிந்துவெளிக் காலம் முதலே வழங்கிய கலை. அதனைப் போலி என எவரும் கூறார். எந்த மாற்றம் செய்நேர்த்தி, எந்த மாற்றம் வஞ்சனை என்னும் வரம்பு காலந்தோறும் மாறிவந்துள்ளது. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி மாணிக்கத்தைத் தீயிலிட்டுக் கறுமை போக்கும் வழக்கத்தைத் தம் மணிநூலில் எழுதியுள்ளார். இன்றைய மணியங்காடியிலும் சூடேற்றிய மாணிக்கம் உண்மை மாணிக்கமே. சூடேற்றியதை விற்போன் மறைத்தால்தான் குற்றம்.

பிளினி கூறும் சோதனைகள் கருட புராணத்தினின்றும் பெரிதும் வேறல்ல. உண்மைக்கல் கனம் மிகுந்தது. வாயிலிட்டால் குளிர்ச்சி மிகுந்தது. போலியின் ஆழத்தில் குமிழி தோன்றும். எம் தோட்டினைப் பிரித்த கல்வினைஞர் காட்டியதும் அக்குமிழியையே. சிறு துண்டைப் பெயர்த்து இரும்புத் தகட்டில் இட்டுச் சுடுதலே சிறந்த சோதனை என்றும், மணி வாணிகர் அதற்கு இசையார், அரம் கொண்டு தேய்ப்பதற்கும் இசையார் என்றும் அவர் மேலும் கூறுவர். மணிநோட்டத்தின் இடர்ப்பாடு முழுவதும் இங்கேதான் உள்ளது. உறுதியான சோதனை மணியைச் சிதைக்கும். சிதையாத சோதனை உறுதி தராது. ஆதலின் கண்ணே கருவியாயிற்று. கண்ணால் காண்பதற்குக் குற்றத்தின் பெயர்கள் வேண்டப்பட்டன.

தமிழகத்தில் இத்தொழில் நடந்த களங்களையும் அகழாய்வுகள் காட்டியுள்ளன. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் நீலக்கல், பச்சைக்கல், அகேட்டு, கார்னீலியன், பளிங்கு ஆகியவற்றாலான மணிகளோடு, துளையிடாதனவும் பாதி தேய்த்தனவும் மூலக்கற்களும் கிடைத்தன. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் அணிகலச் சிறப்போடு கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் துணிபு. கடற்கரையில் அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், பின்னர்ப் பிறரும் அகழ்ந்தபோது கண்ணாடி மணிகள் பெருவாரியாகக் கிடைத்தன. செங்கடற் செலவு நூலான பெரிப்ளசு, முசிறித் துறையிலிருந்து முத்தும் வயிரமும் நீலமும் பிற ஒளிக்கற்களும் ஏற்றுமதியாகின்றன என்று கூறி, அங்கு இறக்குமதியாவனவற்றுள் வடிக்கப்படாத கண்ணாடியையும் எண்ணுகின்றது. ஒரே துறையில் மணி போகக் கண்ணாடி வருகின்றது. வந்த கண்ணாடி முழுதும் போலிமணி ஆயிற்று என்று யாம் கூறோம். கண்ணாடி மணி தன் பெயரிலேயே விலைபோன பண்டம். எனினும், மணியையும் கண்ணாடியையும் நாள்தோறும் அடுத்தடுத்துக் கையாண்ட மக்களுக்கு அவற்றின் வேறுபாடு கைப்பழக்கமாய் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அம்மக்கள் அறியாததும் ஒன்று உண்டு. மாணிக்கம் எனப் பழையோர் வழங்கிய செங்கற்கள் யாவும் இன்றைய பொருளில் மாணிக்கம் அல்ல. அவற்றுள் ஸ்பினல் என்னும் வேறு கனிமமும் கலந்து கிடந்தது. அதன் நிறமும் ஒளியும் மாணிக்கத்தை ஒப்பன. ஆற்றுமணலில் இரண்டும் ஒருங்கே கிடைப்பன. கடினமும் 8 ஆதலின் கண்ணாடிக்குரிய சோதனைகளில் தோற்பதில்லை. 1783இல் ரோமே டி லீல் இரண்டையும் வேறுபிரித்தார். அதுகாறும் உலகெங்கும் அரசர் முடிகளில் அது மாணிக்கமாகவே ஒளிவிட்டது. ஆங்கில அரசமுடியில் உள்ள 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' ஸ்பினலே. வராகமிகிரர் பிருகத் சங்கிதையில் பதுமராகம் சௌகந்திகம், குருவிந்தம், படிகம் என்னும் மூன்றனினின்று தோன்றும் என்பர். பிறப்பு வேறாயினும் நிறமும் ஒளியும் ஒத்தபோது ஒரு பெயரீடு தகும் என்பது அவர் கொள்கை. எனவே பழைய மாணிக்கச் சாதிகளை இன்றைய கனிமப் பெயர்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தும் முயற்சி வெற்றி பெறாது. அகராதிகளில் சௌகந்தி என்பதற்கு இன்ன கனிமம், கோவாங்கு என்பதற்கு இன்ன கனிமம் என எழுதிச் செல்லுதல் கற்போரை மயக்கும்.

குற்றப்பெயர்கள் அத்தகையன அல்ல. விந்து அன்றும் புள்ளிதான், இன்றும் புள்ளிதான். கனிமத்தின் பெயர் எதுவாயினும், ஒரு கல்லின் உள்ளே இன்ன இடத்தில் இன்ன கறை உண்டு என்னும் செய்தி மாறுவதில்லை. இதனை நன்கு உணர்ந்து பயன்படுத்திய சான்று தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் உள்ளது.

முதலாம் இராசராசன் (985–1014) கோயிலுக்குக் கொடுத்த அணிகலன்களை அவனது 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக எண்ணிக் கூறுகின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் அமைந்த கலன்களைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தனர். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கடைசிக் கூறு வரை வரும். கல்லின் அடியில் வைத்த அரக்கும் பிஞ்சும் கூட விடப்படவில்லை. இவை யாவரும் அறிந்தவை. போதிய கருத்துச் செலுத்தப்படாதது மற்றொன்று: மணிகளின் குற்றங்களும் அங்கே எண்ணப்படுகின்றன. வயிரங்களுள் முறிவுடையன, இரத்தவிந்து உடையன, காகவிந்து உடையன, வெந்தன எனக் குறிக்கப்படுகின்றன. மாணிக்கங்களுள் உட்குழிவும் கீறலும் துளையும் வெண்புள்ளியும் உள்ளவையும், பாறை ஒட்டியபடியே இருப்பவையும் கூறப்படுகின்றன. முத்துகளோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனவும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனவும் வகைபிரிந்து வரும். நீர் என்றது ஒளியை. இன்றும் கல்வினைஞர் நீரோட்டம் பார்த்தல் என்பர்.

பேரரசன் ஒருவன், தான் கட்டிய பெருங்கோயிலின் இறைவற்குக் கொடுத்த மணிகளில் முறிந்தன இவை, கறையுள்ளன இவை, வெந்தன இவை எனக் கல்லில் வெட்டிவைப்பானேன்? கொடையின் பெருமையைக் காட்டுதலே நோக்கமாயின் குற்றங்களை மறைத்தலே இயல்பு. ஊர்காண் காதையின் புலவர் குற்றம் நீங்கிய மணிகளையே கூறினார். கோயிற் கணக்கரோ குற்றம் உள்ளவற்றையும் உள்ளவாறே எழுதினர். இதற்கு ஒரே விளக்கம், குற்றமே மணியின் அடையாளம் என அவர் கருதினர் என்பது. நல்ல வயிரம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதே எடையுள்ள தாழ்ந்த கல்லை வைத்தல் எளிது. காகவிந்து உள்ள கல்லுக்கு ஈடாக அதே எடையும் அதே விந்துவும் உள்ள மற்றொன்றைத் தேடிவைத்தல் அரிது. எடையும் எண்ணும் குற்றமும் மூன்றும் சேர்ந்த பதிவு, கல் மாறினால் காட்டிக்கொடுக்கும். அணிகலனுக்குப் பொறுப்பேற்கும் பண்டாரத்தாரும் பின்னர்க் கணக்குப் பார்ப்போரும் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பதிவு அது. அரமும் தீயும் வேண்டா. பிளினி காலத்து வாணிகர் இசைய மறுத்த சிதைக்கும் சோதனைக்கு மாற்றாகத் தஞ்சைக் கணக்கர் கண்டது இவ்வழி என யாம் கொள்கின்றோம்.

குற்றப்பெயர் பட்டியலாக மட்டும் இலக்கியத்தில் நின்ற சொற்கள் கல்வெட்டிற் கணக்குச் சொற்களாக நிற்றல், இலக்கிய வழக்கிற்கும் தொழில் வழக்கிற்கும் உள்ள உறவைத் தெளிவாக்கும். அடிகள் கூறும் விந்துவும் இராசராசன் கணக்கர் கூறும் விந்துவும் ஒன்றே. இதனை வடநூலைப் பார்த்து எழுதிய சொல் என்பதோடு அமைதல் போதாது. வடநூலில் இருந்து வந்ததேயாயினும், அது தமிழகத்து நோட்டக்காரர் நாவிலும் கையிலும் பயின்ற சொல்லாகியே கல்வெட்டேறியது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தில், இறைவனே மணிவாணிகனாக வந்து ஒன்பது மணிகளின் இலக்கணமும் கூறக் கேட்கின்றோம். மணிநூல் அறிந்த வாணிகனைக் காட்டின் கேட்போர் நம்புவர் என்னும் அளவிற்கு அத்தொழிலறிவு மக்களிடைப் பரவியிருந்தது.

1902இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் வெர்னாயில் அலுமினிய ஆக்சைடுப் பொடியைத் தீச்சுடரில் உருக்கி மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டார். அன்று முதல் மணிநோட்டத்தின் பழைய சோதனைகள் பல ஒருங்கே பயனற்றன. அவர் ஆக்கியது கண்ணாடியன்று, பளிங்குமன்று, குருந்தமே. கடினம் 9, கனம் மாணிக்கத்தின் கனமே, தீ அதனை ஒன்றும் செய்யாது, மற்றொரு மாணிக்கத்தால் கீறினும் உண்மைக்கல் கீறப்படுமாறே கீறப்படும். நம் திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் குடிசைதோறும் பட்டை தீட்டப்பட்ட செயற்கைக் கற்களும் இவ்வழியில் வந்தவையே. இத்தகைய கல்லை இயற்கைக் கல்லினின்று எதனைக் கொண்டு பிரிப்பது? குற்றத்தைக் கொண்டே பிரிக்கின்றனர். இயற்கை மாணிக்கத்துள் பட்டிழைபோல நுண்ணிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்கும். வளர்ச்சிக் கோடுகள் நேரியவாய்க் கோணமிட்டு நிற்கும். சுடர்முறையில் ஆக்கியதில் அக்கோடுகள் வட்டிலின் விளிம்புபோல வளைந்து செல்லும், குமிழியும் இருக்கும். இன்றைய மணிச் சோதனைக்கூடங்கள் நுண்ணோக்கியின்கீழ்ப் படம் எடுத்து, இக்கல்லின் உள்ளே இன்ன இடத்தில் இன்ன குறை உண்டு எனச் சான்றிதழில் எழுதுகின்றன. பழைய வயிரநூலோர் விலைகுறைக்கும் என்று வெறுத்த ஏகை, இன்று இது மண்ணில் விளைந்தது என்பதற்குச் சான்று கூறுகின்றது. எம் தோட்டினைப் பிரித்த முதியவர் எந்தச் சோதனைக்கூடத்தையும் கண்டவரல்லர்.

இவ்வளவும் கூறியபின் மதுரைக்கே மீளவேண்டும். ஊர்காண் காதையில் கோவலன் மணிவீதியைக் கண்ட கண்ணோடு, கொலைக்களக் காதையில் சிலம்பை விற்கச் செல்கின்றான். அவனிடம் இருந்த சிலம்பு மணியும் வயிரமும் கேவணத்தில் பதித்த சித்திர வேலைப்பாடு உடையது. கேவணம் கல் அமரும் குழி, பொற்கொல்லர் சொல். அதனைக் கையில் வாங்கி நுணுகிக் கண்ட பொற்கொல்லன் அவ்வீதியின் அறிவு உடையவனே. அவ்வறிவு அவன் கையில் பொய்க்குப் பயன்பட்டது. அரசனோ சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் என்னும் ஒரு நிலையை மட்டும் கூறிக் கொலைக்கு ஆணையிட்டான். ஏவலர் கோவலன் முகத்தை நோக்கி, இவன் கள்வன் போலும் தோன்றவில்லையே எனத் தயங்கினர். தேவியின் சிலம்பு எத்தகையது, அதன் பரல் யாது, அதன் மணிகளில் எதற்கு எக்குற்றம் என அரண்மனைப் பண்டாரத்தில் எழுதிய கணக்கு ஒன்று இருந்து, அதனை ஒருவர் எடுத்து ஒப்பிட்டிருப்பின், வழக்கு ஒரு நாழிகையில் முடிந்திருக்கும். அத்தகைய கணக்குத் தஞ்சையில் உண்டு. கதை நிகழ்ந்த மதுரையில் அதன் சுவடு இல்லை.

வழக்குரை காதையில் அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கின்றான். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். பரல் உள்ளே கிடப்பது. கேவணத்து மணிபோலப் புறத்தே காணப்படாதது. உடைத்தாலன்றி அறியலாகாது. வாணிகர் இசையாத அச்சிதைக்கும் சோதனையைக் கண்ணகி தன் கையாலேயே செய்தாள். அரசன் கண்முன் தெறித்தது மாணிக்கம். ஈண்டு யாம் இறுதியாகச் சுட்டுவது ஒன்று. காகபாதத்தையும் ஏகையையும் வேறுபிரித்துக் காணும் நோட்டக்காரர் நிறைந்த நகரில், ஓருயிரைக் கொண்ட அவ்வழக்கு முடிந்தது முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டால். வெண்மைக்கும் செம்மைக்கும் உள்ள அவ்வேறுபாட்டை அறிய மணிநூல் வேண்டா, சாணை வேண்டா. சிறு குழவியும் அறியும். மணிவீதியில் வீற்றிருந்த வகை தெரிந்தோருள் ஒருவரேனும் அச்சிலம்பைக் காண அழைக்கப்பட்டதாக இளங்கோவடிகள் யாண்டும் கூறவில்லை.